முழுக் கிணற்றுக்காரன்

சிவமயம்

அளவெட்டி
1935 மாசி 9

அன்புள்ள மகன் நடராசாவுக்கு அப்பு எழுதுவது. பிள்ளையார் காவலில் நாங்கள் சுகமாக இருக்கிறோம், மலாயா ஈப்போவில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் கண்டால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கும்.

பங்குக் கிணற்றில் பக்கத்துத் தோட்டத்து முத்துக்குமாருவின் பாதியையும் நீ அனுப்பிய காசில் வாங்கி உறுதிப் பத்திரம் முடித்ததை எழுதியிருந்தேன். இருபது வருஷ ஆசை அது. முதல் கிழமை முழுதும் கிணற்றடியில் நின்று தண்ணீரையே பார்த்தேன், சந்தையிலும் கோயிலிலும் கிணறு முழுக்க எங்களுடையது என்று சொல்லித் திரிந்தேன். இரண்டாம் கிழமை அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை, மேற்குத் தோட்டத்துக் கிணறு இன்னும் ஆழமாமே, அதையும் வாங்கலாம் என்று உனக்கு எழுதிவிட்டேன். அதற்குள் புகையிலைக்கு இறைக்கும் நாள் வந்தது. தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிக்க நான் ஒருவன், துலா மரத்தில் ஏறி மிதித்து அதை மேலே தூக்க ஆள் இல்லை. முன்பெல்லாம் எங்கள் முறைக்கு முத்துக்குமாருவும் பிள்ளைகளும் மிதிப்பார்கள், அவர்கள் முறைக்கு நாங்கள் போவோம். பங்கு போனபின் அவர்கள் ஏன் வருவார்கள். கூலிக்கும் ஆள் அகப்படவில்லை, அவரவர்க்கு அவரவர் தோட்டம். கன்றுகள் வாடிச் சுருண்டன. உன் அம்மா ஒரு சொல்தான் சொன்னா: "கிணத்தை முழுக்க வாங்கினியள், துலா மிதிக்கிற காலையும் வாங்கினியளோ?"

அதன்பிறகுதான் உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அரைக் கிணற்றுத் தண்ணீரில்தானே அப்பு நான் படித்து ஆளானேன், அது போதாதா என்று எழுதியும், என் ஆசைக்குக் குறுக்கே நிற்காமல் கேட்டதை அனுப்பியிருந்தாய். அன்று அதை வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டு முத்துக்குமாருவின் வீட்டு வாசற் படலையில் போய் நின்று அந்த வரியை அவருக்கு வாசித்தேன், உறுதி என் பெட்டியில் கிடக்கட்டும், தண்ணீர் முன்போலப் பாதி பாதி என்றேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருதரம் வாசித்தார். பிறகு, "உவனுக்கு உந்தப் புத்தி தாய்வழியாத்தான் வந்திருக்கும்" என்று சிரித்தார். மறுநாள் விடியவே பிள்ளைகளோடு துலாவில் ஏறிவிட்டார், பாதிப் பயிர் தப்பியது. உறுதியைக் காட்டித் திரிந்த நான் இப்போது உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காண்கிறவர்களுக்கெல்லாம் வாசிக்கிறேன். என் பிள்ளை என்று சொல்ல எனக்கு அவ்வளவு பெருமை.

மேற்குத் தோட்டத்துக்காக இன்னும் மூன்று வருஷம் லீவு எடுக்காமல் இரு என்று எழுதினேனே, அதை அடுப்பில் போடு. அதை வாங்கு இதை வாங்கு என்று ஆறு வருஷமாக உன்னை அங்கேயே நிறுத்தி வைத்தவன் நான்தான். இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் மகனே, உன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுக மறவாதே. பிள்ளையார் உன்னை நோய்நொடி இல்லாமல் கப்பலேற்றி விடுவார். புறப்படும் திகதியை முன்னமே எழுது, கொழும்புத் துறைமுகத்துக்கு நானே வருவேன்.

இப்படிக்கு
உன் அப்பு
க. ஏரம்பு