பேர் வைத்த நண்டு

யூலை 6, திங்கள்

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சுஜாந்தினி காரில் இருந்தபடியே டிக்கியைத் திறந்துவிட்டாள். பிரிந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. முகம் பாராமல் கதைப்பதில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல தேர்ச்சி. டென்மார்க்கில் அவள் அல்பர்ட்ஸ்லுண்ட் ஊரில், நான் கடற்கரைப் பக்கம் இஷொயில். இனி மூன்று கிழமை பிள்ளைகள் என்னோடு. தர்ஷனாவுக்குப் பன்னிரண்டு, தாரகனுக்கு ஏழு. நான் தனியாகச் சமாளிப்பது இதுதான் முதல் தடவை.

லெகோலாண்ட் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகப் பீத்தியிருந்தேன். நேற்றுப் பார்த்து காரின் கிளச் போய்விட்டது. காருக்கும் என்னோடு கோபம்போல.

"பரவாயில்லை, அப்பா," என்றாள் தர்ஷனா, டேனிஷில். ஏசியிருக்கலாம்.

யூலை 7

மழை. கரம் போர்ட் விளையாடினோம். நான் வென்றேன். வென்றிருக்கக் கூடாது.

யூலை 9

இதுகளுக்கு என்ன நடந்தது? எதற்கெடுத்தாலும் நன்றி. நான் அவித்த இடியப்பத்தை எறிந்தால் கண்ணாடி உடையும் — அதற்கும் நன்றி. தேத்தண்ணிக்கு நன்றி. இன்று தாரகன் வந்து, "குளிக்கலாமோ?" என்று கேட்டான். என்ரை மகன், என்ரை வீட்டில, குளிக்கலாமோ எண்டு!

தாய் வீட்டில் இவர்கள் போடுகிற கூச்சல் எனக்குத் தெரியாதா? இங்கே மட்டும் ஹோட்டலுக்கு வந்த ஆக்கள் மாதிரி. போகும்போது நட்சத்திரமும் போடுவினமோ?

யூலை 11, சனி

சுஜாந்தினி ஃபோன் எடுத்தாள். தன் தங்கச்சியின் குடும்பத்தோடு சேர்ந்து ஸ்பெயினுக்குப் போகிறாளாம், வருகிற சனிக்கிழமை. "பிள்ளையளுக்கு அங்க அலுப்பெண்டால் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். உங்களுக்கும் சுகம்தானே."

சுகமாம்.

தர்ஷனாவிடம் கேட்டேன். "உங்கட விருப்பம், அப்பா. எங்களுக்கு எல்லாம் ஓகே."

பன்னிரண்டு வயதில் எந்தப் பிள்ளைக்கு எல்லாம் ஓகே? வியாழக்கிழமை முடிவு சொல்வதாகச் சுஜாந்தினியிடம் சொல்லியிருக்கிறேன். முடிவு என்ன முடிவு. ஸ்பெயின் எங்கே, என்ரை கரம் போர்ட் எங்கே.

யூலை 13

துறைமுகத்தில் டேனிஷ் பெடியள் நண்டு பிடிக்கிறார்கள். நூலின் நுனியில் உடுப்புக் கிளிப், கிளிப்பில் சிப்பிச் சதை, அவ்வளவுதான். தாரகன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். நாங்களும் தொடங்கினோம்.

மரப்பாலத்தில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்ததில் என் காற்சட்டை இறங்கிவிட்டது. டென்மார்க்கில் பாதிச் சனம் பார்த்திருக்கும். தாரகன் சிரித்துச் சிரித்து நூலையே விட்டுவிட்டான். தர்ஷனா எங்களைத் தெரியாதவள்போல் தள்ளிப்போய் நின்றாள். ஆனால் அவளுடைய தோளும் குலுங்கியது. கண்டேன்.

யூலை 14

இன்றும் போனோம். ஆறேழு நண்டு. அதில் ஒன்று நல்ல கொழுத்தது. உப்புத் தண்ணியோடு வாளியில் கொண்டுவந்து பல்கனியில் வைத்தோம்.

யூலை 15

எல்லாம் போச்சு.

பிள்ளைகள் ஐஸ்கிறீம் வாங்கக் கடைக்குப் போன நேரம், சந்தோசப்படுத்துவோம் என்று நினைத்து அந்தக் கொழுத்த நண்டில் ரசம் வைத்தேன். மிளகு, உள்ளி, கறிவேப்பிலை. வாசம் படியிறக்கம் வரை போயிருக்கும். தாரகன் வந்ததும் நேரே பல்கனிக்குப் போனான்.

"அப்பா, பிரெபென் எங்க?"

"எந்தப் பிரெபென்?"

அவன் வாளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சட்டியைப் பார்த்தான்.

நண்டுக்குப் பேர் வைப்பார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது? அதுவும் பிரெபென்! பென்சனெடுத்த தபால்காரன்ர பேர்!

தாரகன் போட்ட குழறலுக்கு மேலால் தர்ஷனா வெடித்தாள். முழுக்க முழுக்கத் தமிழில். "உங்களுக்கு என்ன விசரே? ஒரு சொல் கேக்க மாட்டீங்களே? நீங்கள் ஒண்டுமே கேக்கிறேல்ல! வீட்டை விட்டுப் போகேக்கயும் எங்களைக் கேக்கேல்ல!"

நான் வாயைத் திறந்தேன். ரசம் பொங்கியது. அதை இறக்கி வைத்துவிட்டு, "இப்ப கேக்கிறன்," எண்டன்.

"லேட்," எண்டாள். ஃபோனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள்.

தாயோடுதான் கதைக்கிறாள். சரி. ஸ்பெயின்தான்.

யூலை 16, வியாழன்

காலமையே சுஜாந்தினியின் ஃபோன். ஹலோ சொல்லவும் விடவில்லை.

"ஆர் செத்தது?"

"என்ன?"

"ஸ்பெயினுக்கு வரேலாதாம், 'வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில செத்தவீடு' எண்டு தர்ஷனா மெசேஜ் போட்டிருக்கிறாள். ராத்திரி முழுக்க ஃபோனை நிப்பாட்டி வச்சிருக்கிறாள். ஆர், சொல்லுங்கோவன்!"

"பிரெபென்."

"ஆரது? உங்களோட வேலை செய்யிறவரே?"

"நண்டு."

ஃபோனில் ஒரு மாதிரி மூச்சுத் திணறல் — சிரிக்கிறாள். விவாகரத்துப் பேப்பரில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன்.

"அதை என்ன செய்தனீங்கள்?"

"ரசம்."

"நல்லா வந்ததே?"

"ஒருத்தரும் குடிக்கேல்ல."

ஃபோனை வைக்கப் போனவளை மறித்தேன். "'எங்கட வீடு' எண்டே போட்டவள்?"

"ஓம். ஏன்?"

"சும்மா."

யூலை 17

அடக்கம். ஐஸ்கிறீம் பெட்டிக்குள் பிரெபெனின் ஓடு. கடற்கரை மணலில் குழி. தாரகன் டேனிஷில் உரை நிகழ்த்தினான்: பிரெபென் நல்லவன், ஒருத்தரையும் கடிக்கவில்லை. (என் விரலைக் கடித்தவன். சொல்லவில்லை.) என்னைத் தேவாரம் பாடச் சொன்னார்கள். பாதியில் மறந்துபோய் முதல் வரியையே திருப்பித் திருப்பிப் பாடினேன். பக்கத்தில் நின்ற டேனிஷ் பெடியள் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது. தர்ஷனா காலில் மிதித்தாள்.

மற்ற நண்டுகளைக் கடலில் விட்டோம். கேட்டுத்தான் விட்டேன்.

யூலை 22

தர்ஷனாவின் துவாயில் நான் கால் துடைத்தேனாம். அறைக் கதவை அவள் அடித்துச் சாத்தியதில் பிணைச்சல் ஒன்று கழன்றுவிட்டது. தாரகன் கேளாமலே என் பியருக்குப் பக்கத்தில் இருந்த கச்சான் கடலையை முடித்துவிட்டான்.

நல்ல நாள்.

செப்டெம்பர் 28

தர்ஷனா ஃபோனில்: "ஒக்ரோபர் விடுமுறைக்கு லீவு போட்டாச்சே?"

"இல்லை. நீங்கள் அம்மாவோட எண்டெல்லோ —"

"அப்பா! நாங்கள் வாறம்." வைத்துவிட்டாள்.

வேர்ஹவுஸில் மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். எல்லாருக்கும் அந்தக் கிழமைதான் வேண்டுமாம், தலையைச் சொறிந்தான். "எங்க போறாய், குலேந்திரன்? வெளிநாடோ?"

"இல்லை," எண்டன். "வீட்டிலதான்."