பெயின்டுக்கு அடியில் விரிசல்

நவம்பர் 11, திங்கள்

மார்க்கெட்டில் மீனை விற்றுவிட்டுத் திரும்பினால், கரையில் டிராக்டருக்குக் கீழே மணல் கறுத்துக் கிடக்கிறது. ஆயில். வீட்டுக்காரர் விமலிடம் காட்டினேன். "உப்புக் காத்துல நிக்கிற வண்டி, ஒழுகாம இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

போன வருடம் அண்ணனிடம் வாங்கிய வண்டி. மாத்தூரில் தண்ணீர் டேங்கர் இழுத்துக்கொண்டிருந்தது. இங்கே எண்ணூரில், கடலுக்குப் போய் வருகிற ஃபைபர் போட்டுகளைக் கரைமேட்டுக்கு இழுத்து ஏற்றுகிறது. குப்பத்துக்கே இது ஒன்றுதான்.

நவம்பர் 14, வியாழன்

கியர் மாற்றும்போது எதையோ அரைக்கிற சத்தம். பொன்னுரங்கம் மாமாவின் போட்டை இழுக்கும்போது வண்டி நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. கயிற்றுப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது என்றால் மேலே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? விமல் இறங்கினார். சாவியை மட்டும் என் கையில் கொடுத்தார்.

நவம்பர் 16, சனி

வண்ணாரப்பேட்டையிலிருந்து வஹாப் பாய் வந்தார். முழுப்பெயர் அப்துல் வஹாப். டிராக்டரும் ஃபோர்க்லிஃப்ட்டும் பார்க்கிறவர். அடிப்பக்கம் முழுக்க மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் ஹவுசிங் என்று ஒரு வார்ப்பிரும்புக் கூடு இருக்கிறது. சிவப்பு மருந்து ஒன்றை அதில் தடவி, துடைத்து, மேலே வெள்ளையாக ஸ்ப்ரே அடித்துவிட்டுக் காத்திருந்தார். வெள்ளைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. போல்ட் துளையில் தொடங்கி அடிவரை விரிசல்.

லாரி மாதிரி டிராக்டருக்குத் தனியாகச் சட்டம் கிடையாதாம். முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்தக் கூடுதானாம்.

"இத்த வெச்சிகினா தம்பி போட் இழுத்துகினு இருந்த? மேட்டுல ரெண்டா பொளந்திருந்தா?"

விமல் போய்ச் சக்கரத்துக்கு அண்டக் கல் வைத்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

வண்டியைப் பிரித்தார்கள். முக்காலி நட்டு, பாரம் தூக்குகிற செயின் பிளாக் போட்டு, முன்பாதி தனி, பின்பாதி தனி.

பாய் விரிசல்மேல் உளியை வைத்துச் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. அதற்கடியில் இரும்பு இல்லை — ஓட்டை அடைக்கிற பட்டி. சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதையும் பெயர்த்து எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"புதுசா வுட்ட வெடிப்புன்னா உள்ள பளிச்சினு இருக்கும்மா. இது துரு புடிச்சி, ஆயிலக் குடிச்சி கெடக்குது. ரொம்ப நாளு. யாரோ பட்டி வெச்சி அடைச்சி மேல பெயின்ட் அட்ச்சிருக்கான்."

அதே நீலப் பெயின்ட். வண்டி எங்கள் கைக்கு வரும்போது புதுசாய் மின்னிக்கொண்டிருந்த பெயின்ட்.

விமல் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

நவம்பர் 20, புதன்

அண்ணனுக்குப் போன் பண்ணவில்லை. பண்ணி என்னவென்று கேட்பது?

நவம்பர் 22, வெள்ளி

அண்ணனுடைய டிரைவர் யாராவது செய்திருக்கலாம் என்றேன். அதற்கு விமல் கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "ஒங்கண்ணன் பேர இந்த வூட்ல எவனும் எடுக்கக் கூடாது. நான் செத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப நீ?" சோற்றுத் தட்டு அப்படியே இருக்கிறது.

அப்பா போன பிறகு என்னைக் கட்டிக் கொடுத்தது அண்ணன்தான். இவர் சொல்வதிலும் தப்பில்லை. நான் யார் பக்கம் பேசுவது?

நவம்பர் 24, ஞாயிறு

கூட்டை மட்டும் கழற்றிக் குட்டியானை வேனில் ஏற்றிப் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நானும் போனேன். விரிசல் மேலே ஓடாமல் இருக்க இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார். பள்ளமாகக் கடைந்து, சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் சுத்தியால் மெல்லத் தட்டினார். முடிந்ததும், மெதுவாக ஆறட்டும் என்று மணலில் புதைத்தார்.

எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மணலுக்குள்ளிருந்து 'டிங்' என்றது. பாய் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"போச்சும்மா. பக்கத்துல வெடிப்பு வுட்ருச்சி. உள்ள ஊறுன ஆயில் சரியா எரியல, சூடும் பத்தல. மறுபடியும் மொதல்லேர்ந்து கடையணும்."

டிவியில் புயல் என்று சொல்கிறார்கள்.

நவம்பர் 27, புதன்

அண்ணன் வந்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி இரண்டு பாதியாக நிற்கிற வண்டியைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பியிருப்பேனே!

"பட்டி வெச்சது நீயாண்ணா?"

"ஒழுகுறது நிக்கட்டும்னுதான் அடைச்சேன். ஒடையும்னு நெனைக்கல பவானி."

"வேற யாருக்குனா வித்துருக்கலாமே?"

ஹெல்மெட்டைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு சொன்னார்: "வேற எவனா இருந்தா கூடவே மெக்கானிக்கக் கூட்டினு வந்து பாப்பான். நீ பாக்க மாட்டன்னு தெரியும்."

அய்யோ. அதை ஒளித்தும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. சாதாரணமாச் சொல்றான். இன்னா மனுசன் இவன்? நான் பாக்க மாட்டேனாம். ஆமா, பாக்கல. கூடப் பொறந்தவன் குடுக்குற வண்டிய எவளாவது குனிஞ்சி அடியில பாப்பாளா?

ஒரு கை பிடிக்கிறேன் என்று செயின் பக்கம் போனார். விமல் குறுக்கே வந்து நின்றார். "வண்டி மேல கைய வெக்காத." அவ்வளவுதான். பைக் போய்விட்டது.

நவம்பர் 30, சனி

புயல். விடியும்போதே கடல் கரைமேட்டுக்கு வந்துவிட்டது. குப்பமே கயிற்றைப் பிடித்து ஒவ்வொரு போட்டாக இழுத்தோம். தார்ப்பாய் போர்த்தி டிராக்டர் ஒரு பக்கம் சும்மா நின்றது. கை உரிந்துவிட்டது எனக்கு. பொன்னுரங்கம் மாமாவின் போட் கடைசி. இழுக்க ஆரம்பித்தபோதே ஒரு அலை அதைத் தூக்கி அலைத்தடுப்புக் கல்லில் அடித்தது. மறுபடி தூக்கியது. மறுபடி அடித்தது. அப்புறம் இழுக்க ஒன்றுமில்லை.

வண்டி ஓடியிருந்தால் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாராவது சொல்லித் திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 2, திங்கள்

கோவிந்தம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். மாமாவின் சம்சாரம். என் கையைத் திருப்பிப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். "கடலு எட்த்துகிச்சி, நீ இன்னா பண்ணுவ?" வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டாவது தடவை. பாய் முதலில் ஆயிலெல்லாம் எரிந்து தீரும்வரை நெருப்புக் காட்டினார். புகை நின்ற பிறகுதான் வெல்டிங். இந்த முறை மணல் வேண்டாம் என்று சூட்டோடு சாம்பலுக்குள் புதைத்து, மேலே கோணி போட்டு மூடினார்.

சத்தம் வரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

காலையில் எடுத்து அதே சிவப்பு மருந்தைத் தடவிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

டிசம்பர் 14, சனி

வண்டி மறுபடி ஒன்றாகிவிட்டது. "ஒரு வாட்டிக்கி ஒரே போட்டுதான். அதுக்கு மேல மாட்டுனா என்னியக் கூப்புடாதீங்க" என்றார் பாய். விமல் ஏறினார். நான் பக்கத்திலேயே நடந்தேன், அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டு. போட் மேடேறியது.

பொன்னுரங்கம் மாமா இப்போது அடுத்தவர் போட்டில் ஆளாகப் போகிறார். இன்று நாங்கள் இழுத்ததும் அந்தப் போட்டைத்தான். அவரும் கயிற்றுக்குக் கை கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

அண்ணன் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து அம்மா வீட்டுச் சீர் வராத முதல் பொங்கல். வராது என்று தெரிந்தும் காலையிலிருந்து பைக் சத்தம் கேட்டால் காது அங்கேதான் போனது.

கோவிந்தம்மா அக்கா வாசலில் கோலத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "இன்னா பவானி, அண்ணன் வூட்டுச் சீரு வந்துச்சா?"

உள்ளேயிருந்து விமலின் குரல் வந்தது. "காலங்காத்தாலயே மச்சான் வந்து குட்த்துட்டுப் பூட்டாரு, அக்கா. மாத்தூர்ல வேலையாம், நிக்கல."

திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் ஜோடிக் கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு தாம்பாளத்தில் வெல்லமும் புதுப் புடவையும். விமல் எப்போது போய் வாங்கி வந்தார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் கொத்தை எடுத்துப் பானைக் கழுத்தில் கட்டினேன்.