தோளில் ஒரு தட்டு

இன்று காலை கேஷுவாலிட்டியில் ஒரு பூஜியின் உறையைப் பிரித்தேன். மூச்சுக்குழாய் கண்ணுக்குத் தெரியாதபோது தடவி வழி கண்டுபிடிக்கும் அந்த வளையும் குச்சி. பிளாஸ்டிக் வாசனை வந்ததும் நீயும் வந்துவிட்டாய். இப்போது எங்களிடம் கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப் இருக்கிறதடி. தொண்டைக்குள் இருப்பது திரையில் தெரியும். நீ பார்த்திருந்தால், "இதுல சீரியல் வருமா?" என்று கேட்டிருப்பாய்.

நாம் இருவரும் இங்கே டியூட்டி டாக்டர்களாக இருந்த காலத்தில் இருந்தது மங்கலாக எரியும் பழைய லாரிங்கோஸ்கோப்பும் இந்தக் குச்சியும்தான். மறைமலை நகரில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பைக்கோடு விழுந்தவரை மறந்திருக்க மாட்டாய். உடைந்த தாடை, வாயெல்லாம் ரத்தம். நான் இரண்டு முறை முயன்றும் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போகவில்லை. மறுபடியும் குனிந்தபோது தோளில் தட்டினாய்.

"நகருடி. முதல்ல அவருக்கு மூச்சு குடு. உன் ரோஷத்தை அவர் தொண்டையில காட்டாதே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் நகர்ந்தேன். மாஸ்க்கை அழுத்திப் பிடித்து ஆக்சிஜன் ஏற்றினோம். பிறகு நீ பூஜியை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். "மூச்சுக்குழாய் வளையமெல்லாம் ஜன்னல் கம்பியில குச்சி ஓட்டுற மாதிரி தட்டுது. இதான் வழி." அதன் மேலேயே டியூப் இறங்கியது. அவர் பிழைத்தார்.

அதன்பின் அது நம் சட்டமாயிற்று. இரண்டு முறைதான், தட்டினால் வாதாடாமல் நகர வேண்டும், தட்டு வாங்கியவள் கேன்டீனில் சமோசா வாங்கித் தர வேண்டும். அதிகம் வாங்கித் தந்தது நீதான், மறுக்காதே.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபின், தட்ட ஆளில்லையே என்று பயந்தேன். புதிதாக வந்த சிஸ்டரிடம் சொல்லிவைத்தேன். "உங்களை எப்படி மேடம் தட்டுறது?" என்று கூசினாள். "தட்டலேன்னாதான் கோவிச்சுப்பேன்" என்றேன்.

இன்று வந்தவர் அஸ்தினாபுரத்து டீச்சர் ஒருவர். வாந்தியெடுத்து நினைவில்லாமல் கிடந்தார். கேமராவை வாந்தி மறைத்துவிட்டது. இரண்டு முறையும் போகவில்லை. விடாமல் குனிந்தேன். தோளில் கை பட்டது.

நகர்ந்தேன். மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்தோம். உடனிருந்த டாக்டரிடம் பூஜியைப் பிரித்து நீட்டினேன். "கம்பி தட்டுதா?" என்றேன். "தட்டுது மேடம்" என்றார். அதன் மேலேயே டியூப் இறங்கியது. டீச்சரின் ஆக்சிஜன் ஏறியது.

அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் நின்றிருந்தாள். ஒரு கணம் ஏமாந்துபோனேன்.

அவளுக்குச் சமோசா வாங்கித் தந்தேன். "எதுக்கு மேடம்?" என்றாள். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், "அது ஒரு சட்டம், சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.