பாக்ஸுக்கு மேல் இருந்த மாப்பிள்ளை

அன்பு மாப்பிள்ளை சுப்பையாவுக்கு,

அங்கே நீ சவுக்கியமாகத்தான் இருப்பாய். போன இடத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கபடி பேசுகிற ஆளுக்கு என்ன குறை? இங்கே திருமயத்தில் நம் டிவி சர்வீஸ் கடை நன்றாக ஓடுகிறது. உன் ஸ்டூலை யாருக்கும் கொடுக்கவில்லை. நான்தான் அதன் மேல் காலை நீட்டிக்கொள்கிறேன், கோவிக்காதே.

போன வாரம் உன் வீட்டிலிருந்தே ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தது. ஊருக்கெல்லாம் டிவி சரிசெய்து கொடுத்தவன் வீட்டு டிவி! உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி செல்விதான் போன் செய்தாள். செட்டாப் பாக்ஸைப் போட்டால் படம் வர அஞ்சு நிமிஷம் ஆகிறதாம், சில நாள் வருவதே இல்லையாம். உன் கருமாதிக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. உன் நாற்காலியைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். திட்டுவதானால் திட்டிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் மகள் கயலுக்குப் புதுக்கோட்டையில் கபடி பைனல். உள்ளூர் சேனலில் நேரடியாகப் போடுகிறார்களாம். தாயும் மகளும் மைதானத்துக்குப் போகிறார்களாம். நீ போன பிறகு செல்வி வெளியூர் கிளம்புவது இதுதான் முதல் தடவை. ஆளில்லாத வீட்டில் பாக்ஸ் தானாக ரெக்கார்டு செய்தாக வேண்டும்.

“டிவியில வந்த அவ ஆட்டத்த ஒண்ணு விடாம அவரு எடுத்து வச்சிருக்காருண்ணே. இது மட்டும் விட்டுப்போகக் கூடாது” என்றாள்.

நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். வயரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பாக்ஸை மொத்தமாகத் துடைத்துவிடலாம் என்று ரீசெட்டுக்குப் போனேன். செல்வி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். நீ எடுத்து வைத்த ஆட்டமெல்லாம் அதற்குள்தானே இருக்கிறது! நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் பொடனியில் ஒன்று வைத்திருப்பாய்.

பிறகுதான் புத்தி வந்து, தினமும் செய்வதைச் செய்து காட்டச் சொன்னேன். டிவி உடனே வந்துவிட்டது, பாக்ஸ் இன்னும் எழவில்லை. திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்ததும் பதறிப்போய் சோர்ஸ் பட்டனை அமுக்கி வேறு இணைப்புக்குப் போய்விடுகிறாள். பாக்ஸ் எழுந்து படம் அனுப்பும்போது டிவி வேறொரு வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது. பாக்ஸில் பச்சை விளக்கு வரும்வரை ரிமோட்டைத் தொடாதே என்றேன். அது பாதி வைத்தியம்தான். பாக்ஸ் ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறது?

மேலே கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. பாக்ஸின் மேல் பட்டுத்துணி, துணியின் மேல் மாலை போட்ட நீ. காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் துணி அடைத்துக்கொண்டிருக்கிறது. உன் போட்டோவின் சீரியல் பல்புக்கும் பாக்ஸுக்கும் ஒரே ஸ்விட்ச். படுக்கப் போனாலும் சரி, வீட்டைப் பூட்டினாலும் சரி, உன் பல்பை அணைத்தால் பாக்ஸும் அணைந்துவிடும். மறுபடி போட்டால் அது அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கும். அணைந்து கிடக்கிற பாக்ஸ் எதை ரெக்கார்டு செய்யும்? ஆக, கோளாறு நீதான் மாப்பிள்ளை. இருந்தபோது டிவியை மறைத்துக்கொண்டு நின்றாய், போயும் விட்டபாடில்லை.

உன்னை அங்கிருந்து எடுக்கச் சொன்னதும் செல்வியின் முகம் வாடிப்போனது.

“டிவிய விட்டு நகராத மனுசன். அங்கிட்டு எங்கண்ணே கொண்டுபோயி வைக்கிறது?”

சுத்தியலை எடுத்தேன். எதிர்ச் சுவரில், உன் நாற்காலிக்கு நேர் மேலே ஓர் ஆணி அடித்தேன். பட்டுத்துணியை எடுத்துவிட்டு, பல்புக்குத் தனி ஸ்விட்ச் போட்டேன், பாக்ஸில் ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டுக்கு நேரம் குறித்தேன். செல்வியே உன்னைத் துடைத்து மாட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இப்பத்தாண்ணே சரியா உக்காந்திருக்காரு” என்று சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பைனலில் கயல் அணி ரெண்டு பாயிண்டில் தோற்றுவிட்டது. சாயங்காலம் வீடு திரும்பியதும் என்னையும் கூப்பிட்டார்கள். பச்சை விளக்கு வரும்வரை மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டியலைத் திறந்தால் ஆட்டம் முழுசாக இருந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

தோற்ற ஆட்டத்தைப் பார்க்க மாட்டாளோ என்று பயந்தேன். பார்த்தாள். ஒரே ரெய்டில் அவள் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வருகிற இடம் வந்தது. அந்த மாதிரி இடத்தில் நீ நாற்காலி நுனிக்கு வந்து, “திருப்பிப் போடு, திருப்பிப் போடு” என்று உயிரை எடுப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? கயல் படத்தை நிறுத்தினாள். ரிமோட்டோடு எதிர்ச் சுவர் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, திருப்பிப் போடவா?”

உனக்காக நாலு தடவை போட்டோம், மாப்பிள்ளை. இனி வாரம் ஒருநாள் உன் வீட்டுக்குப் போவேன், கயலின் ஒரு ஆட்டத்தையும் விட்டுப்போக விடமாட்டேன். நாற்காலி உனக்கே, நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

செல்விக்கு அண்ணனாகவும் கயலுக்குத் தாய்மாமனாகவும் இருக்கிற,
உன் மச்சான் கருப்பையா