பாதி நகர்ந்த குழவிக்கல்

ஷெரின் அப்பாவுக்கு,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. ஷெரினும் நானும் அதிகாலை ஆராதனைக்குப் போகிறோம். நிலா கல்வராயன் மலைமேல் சாய்ந்து கிடக்கிறது. தெருவெல்லாம் பால் தெளித்த மாதிரி இருக்கிறது. கோயில்வரை கனவில் நடப்பதுபோலத்தான் நடப்போம்.

அடுப்பில் முட்டைக் குழம்பு, டப்பாவில் பன். இந்த ஈஸ்டருக்கு அவ்வளவுதான். "பிரியாணி இல்லாம இன்னா பண்டிகை?" என்று வெள்ளிக்கிழமை கத்தினீர்கள். அதிலிருந்து பேச்சே இல்லை. போன வருஷம் முப்பது பேருக்கு வெங்காயம் உரித்ததில் இந்த நிலாவை நான் பார்க்கவே இல்லை, தெரியுமா?

எட்டு மணி பஸ்ஸில் தியாகதுருகத்திலிருந்து உங்கள் அக்கா வருவார். டீ போட்டுக் கொடுங்கள், போதும்.

நவமணி

பி.கு.: பெரிய வெள்ளியன்று, இயேசுவின் கல்லறைக் கல் என்று ஜெப அறைக் கதவோரம் குழவிக்கல்லை உருட்டி வைத்தீர்களே, அதை ஈஸ்டர் காலையில் மூன்று பேரும் சேர்ந்துதானே தள்ளுவோம். "அப்பா பேசமாட்டேங்கறாரே, கல்ல யாரும்மா தள்ளுவாங்க?" என்று கேட்டாள் ஷெரின். நாங்கள் இருவரும் தள்ளிப் பார்த்தோம். பாதி தூரம் நகர்ந்திருக்கிறது.

மீதி உங்கள் பங்கு.