சிவப்புக் கோடு தாண்டிய வால்வு

லிங்கூர்,
மார்ச் 24

அன்புள்ள மகள் தோராவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம், ஏனென்றால் அவள் ஆறு மாதமாகக் குழாய்த் தண்ணீரை வாயில் வைப்பதில்லை. நீ இருக்கும் பரோத் தீவில் காற்று பலமாம், ரேடியோவில் சொன்னான். தலையை மூடிக்கொண்டு வெளியே போ. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் மழையைப் பற்றி நாலு நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுவேன், நீயும் பேசாமல் இருந்துவிடுவாய். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குக் கடிதத்தில் பிழை வரும். வரட்டும். அதைவிடப் பெரிய பிழைகளைத்தான் இதில் எழுதப்போகிறேன்.

முதலில் தண்ணீர்ச் சேதி. சீ, எழுதவே குமட்டுகிறது. போன ஆகஸ்டு முதல் காப்பிக் கோப்பையின் அடியில் தினமும் ஒரு தேக்கரண்டி மணல். ரொட்டியைக் கடித்தால் நறநற, பல் தேய்த்தால் நறநற. கழிப்பறைத் தொட்டியின் அடைப்பு மணல் சிக்கி மூடுவதில்லை, நாள் முழுக்க ஒழுகிக்கொண்டே இருந்தது. அம்மா அவித்த உருளைக்கிழங்கை ஒருநாள் வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "உன் சங்கத்துத் தண்ணியில பன்னிகூடக் குளிக்காது" என்றாள். ஒன்பது வீட்டுத் தண்ணீர்ச் சங்கத்துக்கு நான் தலைவன் என்பதால் அந்தக் கிழங்கை மென்று விழுங்கினேன்.

பிப்ரவரியில் மோட்டார் உறுமிவிட்டு நின்றது. பம்புக்காரர் ஹோல்கர் வந்து முப்பத்தெட்டு மீட்டர் குழாயையும் மேலே இழுத்தார். பம்பைப் பிரித்து, தண்ணீரைத் தூக்கும் சக்கரங்களைக் கொட்டகை மேஜையில் வரிசையாக வைத்தார். ஏழு சக்கரம். விளிம்பெல்லாம் எலி கொறித்த மாதிரி. ஒன்றைத் தொட்டேன், விரல் அறுத்தது. பம்பின் வயிற்றிலிருந்து ஒரு கை சாம்பல் நிறச் சேற்றை வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். துரு நாற்றம். பிறகு நீ தோண்டிய கிணற்றுக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தார். நீ இறக்கிய சல்லடைக் குழாயும் சுற்றிக் கொட்டிய கூழாங்கல்லும் அப்படியே இருக்கின்றனவாம். எனக்குக் காது சூடாயிற்று.

அதற்குப் பிறகுதான் வால்வைப் பார்த்தார். நீ சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, கம்பி கட்டி, ஈயத்தில் சீல் வைத்தாயே, ஐந்து சுற்றுக்கு மேல் திறக்கக்கூடாதென்று, அந்த வால்வு. அது பதினான்கு சுற்று திறந்து கிடந்தது. சீல் இல்லை, அம்மா ரோஜாச் செடி கட்டும் பச்சைக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. "ஐனர், இது யார் வேலை?" என்று கேட்டார். "தெரியலையே" என்றேன். அறுபத்து மூன்று வயதில், தோரா. கையில் சேற்றை வைத்துக்கொண்டு.

ஹோல்கர் கையைத் துடைத்துக்கொண்டே, "இவ்வளவு வேகமா உறிஞ்சினா எந்தக் கிணறும் மணலைக் கக்கும். பம்பைப் பத்தி நான் எழுதித் தரேன். வால்வைப் பத்தி நீங்களே சொல்லிக்குங்க" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

திறந்தது நான்தான். போன ஜூலையில் ஆறு வாரம் மழை இல்லை. பன்றிப் பண்ணை பிரேபன் எல்லார் முன்னாலும், "என்னய்யா தலைவரே, உம்ம பொண்ணு தோண்டின கிணறு கிழவன் மூத்திரம் போற மாதிரில்ல வருது!" என்றான். ஒன்பது வீடும் சிரித்தது. மறுநாள் குறடு எடுத்துப் போய் சீலை வெட்டி முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர் பீறிட்டது. மூன்று வாரம் நான்தான் ராஜா, பிரேபனே பீர் வாங்கிக் கொடுத்தான். மணல் வரத் தொடங்கியதும் இன்னொரு புத்திசாலித்தனம் செய்தேன். காப்பித்தூள் அடியில் தங்குமே, அதுபோல் தங்கட்டும் என்று கலங்கலாய் வரும்போதே மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். அடியில்தான் தங்கியது, பம்பின் அடியில். "கலங்கலா வந்தா நிறுத்தாதீங்கப்பா, தெளியற வரைக்கும் ஓடட்டும். மெதுவா எடுத்தா தண்ணி மட்டும் வரும், அவசரப்பட்டா மணலும் சேர்ந்து வரும்" என்று நீ இரண்டு முறை சொன்னாய். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன்.

அக்டோபரில் கிணறு சரியாகத் தோண்டப்படவில்லை என்று உன் கம்பெனிக்குப் புகார் போயிற்று. பிரேபன் சொல்லச் சொல்ல எழுதினது நான். கீழே "ஐனர், தலைவர்" என்று என் நல்ல கையெழுத்தில் போட்டேன். கம்பெனி ஆள் பார்க்க வந்த அன்று வால்வை உன் கோட்டுக்கே திருப்பி, பச்சைக் கம்பியைக் கட்டி, அவருக்குக் கேக்கும் கொடுத்தேன். அவர் கார் திருப்பம் தாண்டியதும் மறுபடி திறந்துவிட்டேன், தேய்ந்த பம்பு ஐந்து சுற்றில் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றியது. கம்பெனி உன்னைக் கிணற்று வேலையிலிருந்து எடுத்தது. நவம்பரில் பரோத் தீவுக்குப் புறப்பட்டபோது விமான நிலையத்தில் நீ, "பம்பைப் பாத்துக்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். அந்தக் கையெழுத்தை நீ பார்த்திருப்பாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

இந்த மாதம் பதினான்காம் தேதி சங்கத்தின் வருடக் கூட்டம். நாலாவது விஷயம், புகாரைக் கம்பெனிக்கும் மேலே, சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்பது. கொண்டுபோய் அது நிலைத்துவிட்டால் உன் சான்றிதழ் போய்விடும், பிறகு நீ பொறுப்பேற்று ஒரு கிணறும் தோண்ட முடியாது. ஹோல்கரின் காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் எதிரே இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோகலாம் என்று எட்டுக் கை உயர்ந்தன. என் கை மடியில் கிடந்தது. தூக்காத கையை யாரும் எண்ணவில்லை.

கடைசியில் வருமே, ஏழாவது, "இதர விஷயங்கள்". எதை வேண்டுமானாலும் பேசலாம், எதையும் தீர்மானிக்கக் கூடாது. அதில்தான் உன் அப்பனுக்கு வீரம் வந்தது. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைக் கம்பிவரை. பிரேபன்தான், "யோவ், இதை நாலாவதுல சொல்றதுக்கு வாயில என்ன மணலா இருந்துச்சு?" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாலாவது தீர்மானம் அப்படியே நின்றது. அதை மாற்ற முடியாத இடம் பார்த்துத்தான் நான் பேசியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போது புரிந்தது. என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு நாள் சவரம் செய்யவில்லை.

தீர்மானத்தை மாற்ற வேண்டுமானால் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும், அதற்கு மூன்று வீட்டுக் கையெழுத்து. என்னுடையது ஒன்று. கோடி வீட்டு இங்கெபோர்க் அம்மா, "மணல் வந்தப்பல்லாம் அந்தப் பொண்ணைத்தானே திட்டினேன், எழவே!" என்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதற்குப் பிரேபன் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றேன், பன்றி வாடையில். "அந்தப் பகடி நான் பண்ணினதுதான். ஆனா வால்வைத் தொறக்கச் சொல்லி நான் சொன்னேனா? இனிமே தலைவரா நின்னே, உன்னைத்தான் கிணத்துல இறக்குவேன்" என்று அவன் திட்டிவிட்டு, கையெழுத்தும் போட்டான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி கூட்டம். அறிவிப்பை நானே எழுதி ஒன்பது வீட்டிலும் போட்டேன். ஒரே ஒரு விஷயம்தான், புகாரைத் திரும்பப் பெறுவது. "இதர விஷயங்கள்" என்ற வரியை அடித்துவிட்டேன், நான் ஒளிய இடம் இருக்கக்கூடாது. கம்பெனிக்கும் நடந்ததை எழுதி அனுப்பியாயிற்று. நகல் இதோடு இருக்கிறது. கையெழுத்து அதே கையெழுத்துதான், அதை மாற்ற வழியில்லை.

புதுப் பம்பு இறங்கி நாலு நாளாகிறது. வால்வை மூடி வைத்தே ஓட்டத் தொடங்கி, நீ சொன்னபடி காலையில் கால் சுற்று, மாலையில் கால் சுற்று திறக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடி ஜாடியில் பிடித்து ஜன்னலில் வைத்து அடியைப் பார்க்கிறேன். இரண்டு சுற்று ஆகியிருக்கிறது. இதுவரை ஒரு மணல்கூட இல்லை. அம்மா இன்னும் நம்பவில்லை, ஆனால் ஜாடியைத் தாண்டிப் போகும்போது குனிந்து பார்க்கிறாள்.

மூன்று சுற்றோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். உன் சிவப்புக் கோடுவரை போகலாமா என்று ஒரே ஒரு வரி எழுது, தோரா. நீ சொல்லாமல் இனிமேல் அந்த வால்வைத் தொட எனக்குக் கை வராது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே தோண்டினாலும் தெளிந்த தண்ணீர் வரட்டும்.

உன் அப்பா,
ஐனர்
(தலைவர் என்று போடவில்லை, பார்த்துக்கொள்)