இழப்பு: இல்லை

செவ்வாய், ஒக்டோபர் 7

மழை. ஓல்போர்க் துறைமுகக் காற்று குடையை மறுபடியும் உள்வெளியாகத் திருப்பிவிட்டது. இனிக் குடை கொண்டுபோவதில்லை.

கப்பல் அருங்காட்சியகத்தில் ஐந்தாவது வாரம். நகரசபை அனுப்பிய பிராக்டிக், எட்டு வாரப் பழகுவேலை. சம்பளம் இல்லை. டேனிஷ் உயர்தரப் பள்ளியான ஜிம்னாசியத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவளுக்கு வேறு என்ன கிடைக்கும். வாய்மொழிப் பரீட்சையில் வாய் திறக்க முடியாமல் போனதுதான் காரணம்.

பொறுப்பாளர் பியர்கிட் இன்று சொன்னது: உலகப் போரில் ஓடிய நாசகாரிக் கப்பல் ஒன்றின் சேவை வரலாற்றை நான் காட்சிப் பலகைக்கு எழுத வேண்டும். இந்த ஊர் மாலுமி ஒருவர் அதில் வேலை செய்தவராம். சனிக்கிழமை திறப்பு. விருந்தினர் முன் நானே வாசிக்கவும் வேண்டும். இரண்டும் சரிவந்தால் நிரந்தர வேலை.

எழுதலாம். வாசிப்பது ஏன்? வருபவர்களுக்குக் கண் இல்லையா?

இன்று செய்தவை:
– கப்பல் மாதிரிக்குத் தூசி துடைப்பு. ஒரு பீரங்கி கையோடு வந்துவிட்டது. ஒட்டினேன். யாரும் பார்க்கவில்லை.
– கோப்பி இயந்திரம், இரண்டு தரம்.
– கப்பலின் பதிவேட்டுப் பிரதி, பாதி வாசித்தேன்.

புதன் 8

ஹென்னிங் நாள் முழுக்க என் கதிரைக்குப் பின்னால். கடற்படையில் எந்திர அறையில் இருந்தவர், இப்போது இங்கே தொண்டர். மூச்சு என் கழுத்தில் படுகிறது. கறுப்பு ரை ரொட்டி, மீன் வாசம்.

"எந்திரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்கிறார். சேர்த்தேன். பியர்கிட் வந்து "நீளம்" என்கிறார். எடுத்தேன். ஹென்னிங் பார்த்துவிட்டு "எங்கே அந்த வரி?" ஒரு வரிக்கு ஒரு மணித்தியாலம்.

கடைசியில் நின்றது: வணிகக் கப்பல்களுக்குக் காவல். நீர்மூழ்கியைத் துரத்தியது. மூழ்கிய கப்பலின் எண்ணெயில் தோய்ந்த மனிதர்களைக் கடலிலிருந்து தூக்கியது. ஒரு துறைமுகத்தின்மேல் முக்கால் மணித்தியாலம் பீரங்கிச் சூடு. ஒவ்வொன்றின் கீழும் பதிவேட்டில் உள்ளபடி ஒரு வரி. துறைமுகத்துக்குக் கீழே: இழப்பு: இல்லை.

பின்னேரம் இக்காஸ்ட் ஊரிலிருந்து கிளாரா அன்ரியின் அழைப்பு. அப்பா கோயிலில் யாருக்கோ "மகள் நேவிப் பக்கம் வேலை" என்றாராம்.

"என்ன பிள்ளை, நேவியில சேந்திட்டியாம்? உன்ர கொப்பர் ஊரில நேவிக்குப் பயந்து கிணத்தடியில படுத்த ஆளெல்லோ."

"இல்லை அன்ரி, அருங்காட்சியகம்."

"ஓம் ஓம், எல்லாம் ஒண்டுதான். சுடத் துவக்குத் தருவினமோ?"

வியாழன் 9

மதியம் பலகை அச்சுக்குப் போனது. ஒரு நிம்மதி.

இரவுச் சாப்பாடுவரைதான். அப்பா வேலையால் வந்து, என் தாளை எடுத்து, விரல் வைத்து டேனிஷில் வாசித்தார். துறைமுக வரியில் விரல் நின்றது.

"இழப்பு இல்லையெண்டு ஆர் எண்ணினது?"

"கப்பல்காரர்."

"கரையில ஆர் எண்ணினது?"

"அப்பா, அது வேற நாடு, வேற சண்டை."

"கடலில இருந்து அடிச்சால் கரையில விழும். எந்த நாட்டிலயும் அப்பிடித்தான். பாசையூரில நேவி அடிச்ச செல் எங்கட மீன்வாடிக்குள்ள விழுந்தது. அவங்கட பதிவுக் கொப்பியிலயும் இல்லையெண்டுதான் எழுதியிருப்பாங்கள்."

அம்மா: "இஞ்சேருங்கோ, பிள்ளை சாப்பிடட்டும்."

நான் சாப்பிடவில்லை. முடிந்த வேலை. தாளை ஏன் வெளியில் வைத்தேன்? அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

வெள்ளி 10

காலை முழுவதும் சொல்லத் தயாரித்தது: "கப்பலில் இழப்பு" என்று மாற்றலாமா? அவ்வளவுதான் கேள்வி. பத்தரைக்குத்தான் வாய் வந்தது.

ஹென்னிங்: பதிவேடு தன் ஆட்களைத்தான் எண்ணும். எல்லாக் கடற்படையிலும் வழமை அது. வாசிப்பவருக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதே. எழுதியதே நான்.

பியர்கிட்: பலகை வந்துவிட்டது, நாளை திறப்பு, உள்ளதை உள்ளபடி வாசி. "இப்போது குழப்பாதே. உனக்காகத்தான் சொல்கிறேன்."

பலகை அழகாக வந்திருக்கிறது. அதுவும் கோபம்.

சனி 11

வெயில், காற்று இல்லை. சப்பாத்துக்குள் ஈரம், நேற்றையது.

பதினொரு விருந்தினர். அப்பா வரவேண்டாம் என்றேன், வரவில்லை. முதல் இரண்டு வரியும் என் குரல் கேட்கவில்லையாம். முன்னால் நின்ற பெண் காதில் கைவைத்துக் காட்டினார். மறுபடி தொடங்கினேன். காவல். நீர்மூழ்கி. எண்ணெய் மனிதர்கள்.

துறைமுகம். "இழப்பு: இல்லை" என்று வாசித்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். பியர்கிட் கண்ணால் 'அடுத்தது' என்கிறார்.

"கப்பலில்" என்றேன். "கரையில் எத்தனை பேர் என்று இந்தப் பதிவேட்டில் இல்லை. எழுதியபோது நானும் கேட்கவில்லை."

அந்தப் பெண் "எந்த ஊர்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பியர்கிட்டுக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் இடத்தைக் குறிக்கும் பாகை எண்கள் மட்டும்தான். ஹென்னிங் உள்ளே போய்க் கடல் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். எல்லோரும் குனிந்தார்கள். ஊருக்குப் பெயர் இருந்தது. மீதியை நான் வாசித்தேனா என்று யாருக்கும் கவலையில்லை. வாசிக்கவில்லை.

எல்லோரும் போன பின் பியர்கிட் கோபமாகத்தான் நின்றார். சொன்னதைக் கேட்கவில்லையாம். சரிதான், கேட்கவில்லை. ஆனாலும் திங்கள் வந்து வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டாம். பலகை திரும்ப அச்சடிக்க வேண்டுமாம், ஊரின் பெயரோடு. அந்த ஊர் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து, கரையில் எத்தனை பேர் என்று நானே கேட்க வேண்டுமாம்.

தொலைபேசியில். ஆங்கிலத்தில். மின்னஞ்சல் என்று ஒன்று இருக்கிறதே.